முப்பது எம்.எம். போல்ட்

பழைய போல்ட்டைக் கையில் கொண்டுவராதவருக்கு மரை அக்கா புதிய போல்ட் கொடுக்கமாட்டார். அளவு தெரியும், வண்டி தெரியும், அவசரம் என்று எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. "கழட்டினது எங்க?" என்பார். இல்லை என்றால், "போய் எடுத்துட்டு வாங்க, கடை எங்கயும் ஓடிடாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்.

கார்ப் பட்டறைகள் வரிசையாக நிற்கும் அந்தத் தெருவில் எழுபது வயதுக்காரர்களுக்கும் அவர் அக்காதான். மரையைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்தே அளவு சொல்லிவிடுவதால் மரை அக்கா. "இந்தத் தெருவுல மரை கழண்டவங்க நெறைய பேர் இருக்கோம், எல்லாருக்கும் சேத்து ஒரே அக்கா" என்று எதிர்ப்பட்டறை மெக்கானிக் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவருக்குப் பட்டப்பெயர் சைலன்சர். வாயைத் திறந்தால் தெருக்கோடிவரை கேட்கும் என்பதால் வைத்த பெயர்.

கல்யாணமாகி வந்த புதிதில் அக்காவுக்கு நட்டுக்கும் வாஷருக்கும் வித்தியாசம் தெரியாது. கணவர் சரக்கு எடுக்க வாரத்தில் மூன்று நாள் வெளியூர் போய்விடுவார். கடையில் ஒரு ஆள் வேண்டுமே என்று உட்கார்ந்தவர், இழுப்பறைகளின் மேல் எழுதியிருந்ததைப் படித்துப் படித்து எடுத்துக் கொடுத்தார். அந்த மாதம்தான் சைலன்சர் ஒரு காருக்கு ஹெட்டர் போல்ட் கேட்டு வந்தார். இன்ஜினின் தலையிலிருந்து சுடுபுகையை வாங்கி வெளியே அனுப்பும் முதல் குழாய்க்கொத்துக்கு ஹெட்டர் என்று பெயர். அதை இன்ஜினோடு இறுக்கிப் பிடிப்பவை அந்த போல்ட்டுகள். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று அக்கா நல்ல எண்ணத்தோடு பளபளக்கும் எவர்சில்வர் போல்ட்டுகளைக் கொடுத்தார். அலுமினியத் தலைக்குள் அவை சூட்டில் கடித்துக்கொண்டன. மறுமுறை கழற்றும்போது மூன்று உள்ளேயே முறிந்தன. துளைத்தெடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் சைலன்சரின் குரல் தெரு முழுக்க ஒலித்தது. "போல்ட்டு கேட்டா வீட்டு டம்ளரை உருக்கிக் குடுத்திருக்காங்கய்யா!"

அக்கா முறிந்த மூன்றையும் கேட்டு வாங்கிவந்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த இடத்தில் கடித்தது, எந்த இடத்தில் நீலம் பூத்தது, எந்த இடத்தில் முறுகியது. அன்றிலிருந்து கழற்றிய போல்ட் ஒவ்வொன்றையும் பார்த்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம், கெட்டுத் தெரிந்துகொண்டது மிச்சம்.

மிகக் கடினமான கறுப்பு போல்ட் நல்லது என்று பலரும் நினைப்பார்கள். ஹெட்டரின் சூட்டில் அதன் கடினம் இறங்கிவிடும். சுருள் வாஷர் ஒரே வாரத்தில் தட்டையாகச் செத்துவிடும். தலை பெரிதாக இருந்தால் குழாய் இடிக்கும், ஸ்பேனர் நுழையாது. நீளம் கூடிப்போனால்தான் எல்லாவற்றையும்விட மோசம். நுனி துளையின் அடியில் போய் முட்டி நின்றுவிடும். திருகுகிற கைக்கு நன்றாக இறுகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் போல்ட்டின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். "இறுகிட்டேன்னு பொய் சொல்லுற போல்ட்டு" என்பார் அக்கா. அவருக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் அதுதான்.

இருபத்தேழு வருடங்களில், கழற்றிய போல்ட்டைப் பார்த்து வண்டி எப்படி ஓடியது, யார் பூட்டினார்கள், எத்தனை நாளாகப் புகை கசிகிறது என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டார். சிலர் வேடிக்கைக்காகவே கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் சொல்வது சரியாக இருக்கும்போது சிரித்துக்கொண்டு வந்தவர்கள் சிரிக்காமல் போவார்கள்.

ஒரு மழைநாள் மதியம் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. வெளிச்சம் குத்துகிறதுபோலக் கண்களைச் சுருக்கிக்கொண்டிருந்தார். கைக்குட்டையில் சுற்றிய ஒரு போல்ட்டை மேசைமேல் வைத்தார்.

"இதே மாதிரி ஒண்ணு வேணும்க்கா. இதே நீளம்."

அக்கா எடுத்துப் பார்த்தார். எட்டு எம்.எம். கனம், முப்பது எம்.எம். நீளம். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் கரி. நுனி கண்ணாடிபோலத் தேய்ந்து மின்னியது.

"ஹெட்டர் போல்ட்டு. கடைசி சிலிண்டரோடது. ஜோடியில ஒண்ணு கழண்டு விழுந்துடுச்சு, இது தனியா தாங்கிட்டு இருந்திருக்கு. சரியாண்ணே?"

ஓட்டுநர் தலையை ஆட்டினார்.

"இதுல தப்பு இருக்கு. அந்த எடத்துல இருபத்தஞ்சுதான் போகும். முப்பது போட்டிருக்காங்க. நுனி போய் முட்டி முட்டித் தேஞ்சிருக்கு பாருங்க. இருபத்தஞ்சுல ரெண்டு தர்றேன்."

"வேண்டாம்க்கா. முப்பதே குடுங்க."

"முப்பது புடிக்காதுண்ணே. புகை கசியும்."

"கசியணும்" என்றார் ஓட்டுநர்.

இருபத்தேழு வருடங்களில் இறுகாத போல்ட்டைக் கேட்டு யாரும் வந்ததில்லை. அக்கா மேசைக்கு இந்தப் பக்கமிருந்த முக்காலியை அவரிடம் நகர்த்தினார். அவர் உட்கார்ந்து சொன்னார். கதை சொல்கிறவர்போலச் சொல்லவில்லை. வண்டியின் பழுதை விவரிக்கிற மாதிரி, வரிசையாகச் சொன்னார்.

அவரும் தம்பியும் ஒரே காரை முறைவைத்து ஓட்டினார்கள். நெடுந்தூரச் சவாரி முடிந்து வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்சீட்டில் தூங்குவார். தம்பி படுத்த மறுநிமிடம் குறட்டைதான். முறை மாறும் நேரம் வந்ததும் தூங்குகிறவர் எழுந்து முன்சீட்டின் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒருநாள் தம்பியின் முறை வந்தது, தட்டு வரவில்லை. களைத்துப்போய்த் தூங்குகிறான், தூங்கட்டும் என்று அண்ணன் மேலும் மூன்று மணி நேரம் ஓட்டினார்.

"பின்னாடி யாரும் இல்லாமயே ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். "இதயம்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"ஒரு வருஷம் வண்டியத் தொடல. இப்ப எடுத்தேன். எடுத்து பத்து நாள்ல குறட்டை கேட்டுச்சு. இன்ஜின் சத்தந்தான்னு இருந்தேன். அடுத்த வாரம் பொரண்டு படுக்கற சத்தம். அப்புறம் எந்திரிச்சு உக்காந்தான். கண்ணாடியில பாக்கமாட்டேன் நான். போன வாரம் சீட்டுல ஒரு தட்டு விழுந்துச்சு. ஒண்ணுதான். ரெண்டாவது தட்டுறதுக்குள்ள இந்த போல்ட்டோட ஜோடி விழுந்துடுச்சு. இப்ப வெறும் பட்டாசுச் சத்தம். அவன் சத்தம் கேக்கல."

"ரெண்டாவது தட்டும் விழுந்தா?"

"வாயால ஒண்ணு சொல்லுவான். முறை மாத்திக்கறப்ப எப்பவும் சொல்றது. அத ஒரே ஒரு தடவை கேட்டுட்டா போதும்க்கா."

"என்ன சொல்லுவார்?"

ஓட்டுநர் தலையை அசைத்தார். "அத என் வாயால சொல்லமாட்டேன். சொன்னா அப்புறம் நான் நெனச்சதா அவன் சொன்னதான்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

கேட்டுக்கொண்டே அக்கா போல்ட்டை நகத்தால் சுரண்டினார். கரிக்கு அடியில் துரு. துருவுக்கு அடியில் மறுபடியும் கரி. ஒரு வருடம் சும்மா நின்ற வண்டியின் துருவுக்கும் அடியில். தம்பி உயிரோடு இருந்தபோதே, கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் ஆளை மயக்கிக் கொல்லும் அந்தப் புகை கசிந்திருக்கிறது.

"இந்த போல்ட்ட யாருண்ணே பூட்டினது?"

"அவன்தான். வண்டி வேலையெல்லாம் அவனேதான் பாப்பான். கைகாரன்."

அக்கா போல்ட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். இதயம் என்று சொன்னார்கள். சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். ஆனால் பின்சீட்டில் படுத்தவன் ஏன் எழவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்த மனிதர் கேட்க ஆசைப்படும் அந்த ஒரு வார்த்தை எப்போது கேட்கும் என்பதும் தெரிந்தது: புகை தலைக்கேறும்போது. முறை மாற்று என்ற குரல் கேட்டால், ஓடும் வண்டியில் இவர் ஸ்டியரிங்கை விட்டுவிடுவார்.

தரமாட்டேன் என்று சொல்லிவிடலாம். பக்கத்துக் கடையில் போய்க் கேட்டால் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். ஆளின் மனசையே மாற்றவேண்டும். அதற்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று அவர் காதாலேயே கேட்கவைக்கவேண்டும்.

"பழுத நான் கண்ணால பாக்காம போல்ட்டு குடுக்கறதில்ல" என்றார் அக்கா. "முப்பதையே பூட்டிப் பாப்போம். நானும் உக்காந்து கேக்கறேன். எனக்கும் கேட்டா நீங்க சொல்றது சரி. கேக்கலன்னா நான் சொல்றது சரி."

சைலன்சர் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினார். "அக்கா, புகை நேரா வண்டிக்குள்ள போற ஓட்டை இருக்கு இங்க! விளையாடாதீங்க! புகை மீட்டர் வெச்சுப் பாத்தா முடிஞ்சுது!"

"மீட்டரு சொன்னா அவரு நம்பமாட்டாரு. தெருவைச் சுத்திப் பத்து நிமிஷம். வந்துடுவோம்."

"அக்காவுக்கே மரை கழண்டுடுச்சுடோய்!" என்று தெருவுக்கு அறிவித்துக்கொண்டே சைலன்சர் பழையதும் புதியதுமாக முப்பது எம்.எம். போல்ட்டுகள் இரண்டையும் பூட்டினார். கைக்கு நன்றாக இறுகின.

பின்கதவைத் திறந்தபோது ஓட்டுநர் தயங்கினார். "அது அவன் எடம்க்கா."

"அதனாலதான்" என்று சொல்லி அக்கா உட்கார்ந்தார்.

மழைக்காகக் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. வண்டி தெருவைக் கடந்ததும் சத்தம் தொடங்கியது. டக் டக் டக் என்று மெல்லிய தட்டல். இன்ஜின் வேகம் குறையும்போது அந்தத் தட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இழுத்து விடுகிற மூச்சாக மாறின. அக்கா மனதுக்குள் குறித்துக்கொண்டார்: கடைசி சிலிண்டர், கீழ்ப்பக்கம். குறட்டை மாதிரிதான் இருக்கிறது. திரும்பிப் போனதும், மூடியைத் திறந்து அந்த இடத்தை அழுத்திக் காட்டவேண்டும், சத்தம் நிற்கும், இவருக்கும் புரியும்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு முன்னால் இவர்கள் வண்டிதான் முதல். சாலை தண்டவாளத்தை நோக்கிச் சற்றே சரிந்திருந்தது. ஓட்டுநர் பிரேக்கில் காலை வைத்துக் காத்திருந்தார். இன்ஜின் ஓடியது. மழைத்தாரைகள் கண்ணாடியில் இறங்கின. இன்ஜினை நிறுத்தச் சொல்லவேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது. சொல்லப்போகிறோம், சொல்லப்போகிறோம் என்று இருந்தது. நெற்றியைச் சுற்றி யாரோ துணி கட்டி முறுக்குவது போலிருந்தது. பக்கத்தில் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. முன்பக்கத்தில் இல்லை, பக்கத்தில். அதில் பயமே இல்லை. வீட்டில் ஒருவர் தூங்கும்போது வரும் நிம்மதி இருந்தது. அவரும் கண்ணை மூடினார்.

பிறகு குறட்டை நின்றது.

கண்ணைத் திறந்தபோது அக்கா முதலில் பார்த்தது தன் வலதுகையை. அது முன்சீட்டின் முதுகருகே நின்றுகொண்டிருந்தது, விரல்கள் மடங்கி, முட்டிகள் முன்னால். முட்டிகளில் அப்போதுதான் எதையோ தட்டிய வலி. வாய் திறந்திருந்தது. தொண்டையில் ஒரு சொல் முடிந்த அதிர்வு இன்னும் இருந்தது. என்ன சொல் என்று தெரியவில்லை.

"சரிடா" என்றார் ஓட்டுநர், முன்னாலிருந்து. குரலில் அவ்வளவு ஆறுதல். "சரிடா, வா. நீ ஓட்டு."

பெல்ட்டைக் கழற்றினார். பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்கு நகர ஆரம்பித்தார். வண்டி ஓசையில்லாமல் சரிவில் இறங்கியது. கேட்டின் சிவப்பு வெள்ளைக் கம்பி கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம் அதிர்ந்தது.

கை தன்னுடையதுதானா என்ற சந்தேகம் தீராமலே அக்கா அதை இரண்டு சீட்டுகளுக்கு நடுவே நீட்டி ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தார். வண்டி கம்பியில் மூக்கை வைத்து நின்றது. ரயில் முழுசாக ஒரு நிமிடம் அவர்கள் முன்னால் ஓடியது.

கதவைத் திறந்து வெளியே விழுந்தவர்கள் சாலையோரத்தில் மழையிலேயே உட்கார்ந்தார்கள். அக்கா இரண்டு முறை வாந்தி எடுத்தார். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஓடிவந்து இன்ஜினை நிறுத்தினார்கள். ஓட்டுநர் சிறுபிள்ளைபோலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டான்க்கா. கேட்டீங்கல்ல? அவன் குரல்தான்."

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு தட்டு தட்டிட்டு, 'எந்திரி வாத்து, என் முறை'ன்னான். வாத்துன்னுதான் கூப்பிடுவான் என்னைய. என் நடையப் பாத்துச் சின்ன வயசுல வெச்ச பேரு. நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறப்ப மட்டும். எங்க அம்மாவுக்கே தெரியாது." சிரிப்பு நின்றது. மழைக்குள் கண்களைச் சுருக்கி அக்காவைப் பார்த்தார். "அக்கா... குரல் உங்க பக்கத்துலேர்ந்து வந்துச்சு. நீங்க சொன்னீங்களா, அவன் சொன்னானா?"

அக்காவின் தொண்டையில் நின்ற அதிர்வுக்கு இப்போது உருவம் கிடைத்திருந்தது. வாத்து. நாக்கு அந்தச் சொல்லை முன்பே அறிந்திருந்தது.

அவன் சொன்னான் என்றால் இந்த மனிதர் நாளைக்கும் கேட்கப் போவார். எந்தக் கடையிலும் முப்பது எம்.எம். கிடைக்கும். எல்லா ரயில்வே கேட்டிலும் பின்சீட்டில் ஒருவர் உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுக்கமாட்டார்.

"நான்தாண்ணே சொன்னேன்" என்றார். "நீங்க கண்ண மூடிட்டு இருந்தீங்க. எழுப்பறதுக்காகத் தட்டினேன்."

"வாத்துன்னு?"

"நீங்கதான் கடையில சொன்னீங்களே."

"நான் சொல்லலையே. சொல்லமாட்டேன்னுதானே சொன்னேன்."

"மொதல்ல அப்பிடித்தான் சொன்னீங்க. அப்புறம் அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. தெனம் புகையக் குடிச்சா சொன்னது எங்க ஞாபகம் இருக்கும்? இன்னைக்கு என்ன கெழமைன்னு சொல்லுங்க பாப்போம்."

ஓட்டுநர் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். கிழமை வரவில்லை. அவர் முகத்திலிருந்து எதுவோ வடிந்து போவதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பி இரண்டாம் முறை சாவதைப் பார்ப்பதுபோல் இருந்தது. பார்வையை விலக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அவன் இல்ல" என்றார் ஓட்டுநர்.

"இல்ல."

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். சைலன்சர் அன்று முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினார். புகை நுழையும் ஓட்டையை அடைத்தார். ஹெட்டரை முழுக்க இறக்கித் தகட்டைச் சமன்செய்து இடைவெளியை அடைக்கும் புதிய கேஸ்கெட் வைத்தார். போல்ட்டுகளை மறுநாள் அக்காவே தேர்ந்தெடுத்தார். சூடு தாங்கும் கலவை எஃகு, நடுத்தரக் கடினம், சின்னத் தலை, தலைக்கடியிலேயே அகன்ற விளிம்பு. எட்டுத் துளையிலும் குச்சியை விட்டு ஆழம் அளந்து, எட்டுக்கும் இருபத்தைந்துதான் என்று உறுதி செய்துகொண்டார். மரையில் செம்புப் பசை தடவி, ஒன்றையொன்று கடித்துப் பூட்டும் இரட்டை வாஷர் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று சுற்றாக இறுக்கச் சொன்னார். முதல் சூடு ஏறி ஆறியதும் ஒருமுறை, நூறு கிலோமீட்டரில் ஒருமுறை, ஐந்நூறில் ஒருமுறை வந்து இறுக்கம் பார்க்கவேண்டும் என்று ஓட்டுநரிடம் சொன்னார். ஹெட்டர் போல்ட்டுக்கு அது எப்போதும் உள்ள வழக்கம்தான். இந்த முறை வண்டியைத் தானே பார்ப்பதாகச் சொன்னதுதான் வழக்கத்தில் இல்லாதது.

ரயில்வே கேட்டிலிருந்து திரும்பிய அன்று, கடையை மூடுவதற்கு முன் முக்காலியைப் பார்த்தபடி அக்கா நின்றார். ஓட்டுநர் உட்கார்ந்ததிலிருந்து எழுந்ததுவரை பேசிய ஒவ்வொன்றையும் வரிசையாக நினைவுக்குக் கொண்டுவந்தார். சொல்லை மறக்கிற ஆள் இல்லை அக்கா. ஓட்டுநர் அழவில்லை. எங்கேயும் அந்தப் பெயர் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். இல்லை.

வீட்டில் கணவரிடம், பழுதான வண்டியில் ஏறித் தலைவலி வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

நூறு கிலோமீட்டரில் ஓட்டுநர் வந்தார். கண்கள் தெளிந்திருந்தன. கிழமையை அவரே சொல்லிக்கொண்டு வந்தார். போல்ட்டுகள் அசையவில்லை. ஐந்நூறிலும் வந்தார். ஆறிய இன்ஜின்மேல் குனிந்து, அளவான இறுக்கம் வந்ததும் டக்கென்று சொல்லும் டார்க் ரெஞ்சை அக்கா முதல் போல்ட்டில் மாட்டினார்.

"இப்ப சத்தமே இல்லக்கா" என்றார் ஓட்டுநர். "தனியா ஓட்டறேன்."

"நல்லதுண்ணே."

"ஒண்ணே ஒண்ணு. அந்தப் பேர நான்தான் சொன்னேனா?"

போன முறையும் இதையே கேட்டிருந்தார். அக்கா நிமிரவில்லை. கடைசி சிலிண்டரின் இரண்டாவது போல்ட்டில் ரெஞ்சை வைத்து இழுத்தார். போல்ட் இம்மியும் திரும்பாமல், போதும் என்று ரெஞ்ச் டக்கென்றது.

"நீங்கதான் சொன்னீங்க" என்றார்.